கம்யூனிட்டி யூத் வொர்க்: ‘இளைஞர் பணி’ என்றால் போதுமா?

‘இளைஞர் பணி’ என்று எழுதிப் பாருங்கள். வேலைவாய்ப்பு அறிவிப்பு என்றே பலர் நினைப்பார்கள். ‘கம்யூனிட்டி யூத் வொர்க்’ என்ற படிப்பின் பெயரைத் தமிழில் சொல்ல முனைந்தால் முதலில் இடறுவது இங்கேதான்.

பதின்பருவத்தினரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களும் தாமாக வந்து கூடுகிற மன்றத்திலோ திடலிலோ தெருமுனையிலோ அவர்களோடு பழகி, சேர்ந்து ஏதாவது செய்து, அதன் வழியே அவர்கள் கற்று வளரத் துணைநிற்கும் தொழில் இது. வருகைப்பதிவு இல்லை, தேர்வு இல்லை. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். பள்ளிக்கும் இதற்குமுள்ள பெரிய வேறுபாடு அந்த விருப்பம்தான்.

சொல் வளர்ந்த மண் பிரிட்டன். 1844இல் லண்டன் துணிக்கடை ஊழியர் ஜார்ஜ் வில்லியம்ஸ், தம்மைப் போன்ற இளம் தொழிலாளர்களுக்காகத் தோழர்களுடன் தொடங்கியது ஒய்.எம்.சி.ஏ. (சென்னையில் நந்தனம் மைதானத்தோடு நமக்குப் பழகிய அதே பெயர்.) நெடுங்காலம் பெரும்பாலும் தொண்டர்கள் கையில் இருந்த வேலை, இந்தப் பணியை ஆராய அரசு அமைத்த ஆல்பமார்ல் குழுவின் 1960ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு தொழிலாக வலுப்பெற்றது. கூடிப் பழகுதல், பயிற்சி, அறைகூவல் என்ற மூன்றை அது நோக்கமாக வைத்தது. 1961இல் லெஸ்டர் நகரில் இதற்கான பயிற்சிக் கல்லூரி வந்தது. இன்று பிரிட்டனில் இது பட்டப் படிப்பு, களப்பயிற்சி கட்டாயம். மாலையில் திடலில் நடந்ததை எழுதிவைத்து, ‘அந்தப் பையன் ஏன் கோபப்பட்டான், நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன்’ என்று மூத்த பணியாளரோடு உட்கார்ந்து அலசுவார்கள். கோட்பாடு புரிவது அந்த நேரத்தில்தான்.

இனி சொற்கள். ‘யூத்’தும் வடமொழி ‘யுவன்’னும் ஒரே வேரில் பிறந்தவை. நம் ‘இளைஞர்’ ‘இள’ என்ற அடியிலிருந்து வருவது. ஆனால் கேட்டதும் ஆண்பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள். சிங்கப்பூரில் வழங்கும் ‘இளையர்’, ஈழத்தமிழர் எழுதும் ‘இளையோர்’ இரண்டிலும் பெண்பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. எனக்கு ‘இளையோர்’ பிடிக்கிறது.

‘கம்யூனிட்டி’தான் கடினம். அதன் இலத்தீன் வேருக்குப் ‘பொது’ என்று பொருள். ‘சமூகம்’ என்று போட்டுவிடலாம்தான். ஆனால் ‘நீங்க எந்தச் சமூகம்?’ என்று தமிழ்நாட்டில் ஒருவர் கேட்டால் அவர் கேட்பது சாதியை. ‘ஊர்’ என்று மாற்றினாலும் தப்ப முடியாது. ஊரும் சேரியும் என்று பிரித்துப் பேசிய மொழி இது. எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டிய திடலுக்கு அப்படியொரு பெயர்ப்பலகை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ‘சனசமூக நிலையம்’ உண்டு. பெரியவர்கள் அங்கே பத்திரிகை வாசிப்பார்கள். பல இடங்களில் விளையாட்டுக் கழகமும் முன்பள்ளியும் அதை ஒட்டியே இயங்கும். ‘சன’ என்ற முன்னொட்டு சேர்ந்ததும் சாதி விலகி, அந்த இடத்துச் சனங்கள் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். பல்லாண்டு புழங்கிய சொல் கையில் இருக்க, புதிதாக ஒன்றைச் செய்வானேன்?

‘வொர்க்’குக்குப் ‘பணி’யே இருக்கட்டும். ‘சேவை’, ‘தொண்டு’ என்றால் கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் போய்விடுவார்கள். இந்தத் தொழிலில் இருவரும் ஒரே பாயில் உட்காருகிறவர்கள்.

ஆக, சனசமூக இளையோர் பணி. செய்பவர் இளையோர் பணியாளர். பிள்ளைகள் கூப்பிடப்போவது அண்ணா, அக்கா என்றுதான்.