லிவரில் புற்றுக்கட்டி என்றால் பட்டினி போடச் சொன்னது யார்?

காசிமேட்டிலிருந்து ஒருவரை மருமகள் அழைத்து வந்திருந்தார். "ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்னைக்கே மீன், முட்டை, கறி எல்லாத்தையும் நிறுத்திட்டோம் மேடம். மாமாவுக்கு மூணு வேளையும் கஞ்சிதான்" என்றார், நான் பாராட்டுவேன் என்று. மாமாவின் மோதிரம் நழுவாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தது. நெற்றிப் பொட்டு இரண்டும் குழி விழுந்திருந்தன. கட்டிக்குப் போகும் இரத்தக்குழாய் வழியாகவே மருந்து செலுத்தும் சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தார்கள். இந்த உடம்பு தாங்காது என்று அதைத் தள்ளிப்போட வேண்டியதாகிவிட்டது.

வடசென்னையில் டயட்டீஷியனாக இருப்பவளுக்கு இது அலுத்துப்போன கதை. காரணமும் எப்போதும் ஒன்றுதான்: "லிவருக்கு ரெஸ்ட் கொடுக்கிறோம்."

லிவருக்கு அப்படி ஒரு ரெஸ்ட் கிடையாது. இந்தக் கட்டி பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கித் தழும்பேறிய லிவரில்தான் வருகிறது. நல்ல லிவர் இரவுக்கான சர்க்கரையைச் சேமித்து வைக்கும், சுருங்கிய லிவரால் அது முடியாது. நாம் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பு எப்படித் தசையைக் கரைக்குமோ, அதை இவர்கள் உடம்பு ஒரே ராத்திரியில் செய்துவிடும். அந்த ஆளுக்குக் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுப்பது பத்தியமா? உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20. கணக்குப் போட்டுப் பாருங்கள், கஞ்சியில் எங்கே கிடைக்கும்? மீனைக் குழம்பில் போடுங்கள், பருப்பு, சுண்டல், தயிர் சேருங்கள். மூன்று வேளை முடியாவிட்டால் ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். படுக்கப் போகும் முன் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் பாலும் கட்டாயம். "சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று சோற்றையும் பறிக்காதீர்கள். சுகர் இருந்தால் அளவு பார்க்கலாம், அது வேறு விஷயம்.

நிறுத்த வேண்டியதை யாரும் நிறுத்துவதில்லை. சாராயம், பீர், "ஒரே ஒரு கட்டிங்" எதுவும் கூடாது. வயிற்றில் நீர் கோத்திருந்தால் கருவாடு, ஊறுகாய், அப்பளம் கிட்டே வரக்கூடாது. நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் உப்பு போதும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் நீங்களாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம். யாரோ சொன்ன கஷாயமும் வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்து லிவர் கெட்டவர்களை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த லாக்டுலோஸ் சிரப். "பேதியாகுதுன்னு நிறுத்திட்டோம்" என்கிறார்கள். ஐயா, பேதியாகத்தான் அது! ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போனால்தான் அம்மோனியா என்ற நச்சு மூளைக்கு ஏறாது. அதற்கு மேல் தண்ணியாகப் போனால் டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள்.

தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்திருக்கிறீர்களா? உள்ளே வையுங்கள். புற்று ஒட்டாது. காரணம் ஹெபடைடிஸ் பி என்றால் அந்த வைரஸ் இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும், சேர்ந்து சாப்பிடுவதால் இல்லை. ரேசரும் டூத் பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்கள் மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுத்த வைரஸ் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. வலியைக் குறைக்கும் மருத்துவம் கடைசி நாளுக்கானது அல்ல, முதல் நாளிலிருந்தே கேட்கலாம். வலி அடங்கினால் பசி எடுக்கும், தெருமுனை வரை நடக்க முடியும். தசைக்கு அந்த நடையும் வேண்டும்.

தார் மாதிரிக் கறுப்பாக மலம் போனாலோ, இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, வயிற்று வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்து உளறினாலோ, விடியட்டும் என்று உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அந்த நேரத்திலேயே அழைத்து வாருங்கள், பழைய ரிப்போர்ட் பையையும் மறக்காமல்.