போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்: கையில் பட்டை கட்டிப் பார்க்க முடியாத பிரஷர்

கல்லீரல் நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்' என்று இருக்கும். கல்லீரலுக்குள் இரத்தம் கொண்டுபோகும் சிரையில் அழுத்தம் கூடுவதுதான் அது. பிரஷர் மெஷினில் பார்த்தால் 100/60 காட்டும். "பிரஷரே கம்மியாத்தானே இருக்கு, அப்புறம் எதுக்கு பிரஷர் மாத்திரை?" என்று, அதற்குத் தந்த கார்வெடிலால் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சொல் செய்யும் குழப்பம் இது.

லத்தீனில் 'போர்ட்டா' என்றால் வாசல். கல்லீரலின் அடிப்புறத்தில் ஒரு பிளவு உண்டு. இரத்தக் குழாய்கள் உள்ளே போவதும் பித்தநாளம் வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். அந்த வாசலில் நுழையும் சிரைதான் போர்ட்டல் வெயின். 'ஹைப்பர்' கிரேக்கம், மிகை என்று பொருள். 'டென்ஷன்' லத்தீன், இழுத்து விறைப்பது. இரண்டு மொழி ஒட்டிய இந்தப் பெயரை 1902இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர்கள் கில்பெர்ட், கார்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'போர்ட்டல் நரம்பு உயர் இரத்த அழுத்தம்' என்று இணையத்தில் கிடப்பதில் இரண்டு பிழை. பேச்சில் சிரையையும் நரம்பு என்போம், எழுத்தில் அது வேறு உறுப்பு. 'உயர் இரத்த அழுத்தம்' என்றதும் எல்லாருக்கும் பி.பி.தான் நினைவுக்கு வரும். 'வாயில் சிரை' என்று பிரித்து எழுதினால் வாய்க்குள் இருக்கும் சிரையாகிவிடும்! புணர்ச்சி இங்கே கைகொடுக்கிறது: வாயில் + சிரை = வாயிற்சிரை. ஆக, கல்லீரல் வாயிற்சிரை மிகையழுத்தம். நீளம்தான், ஆனால் இடம் தவறாது.

குடலிலிருந்து வரும் சிரையும் மண்ணீரல் சிரையும் கணையத்துக்குப் பின்னால் கூடி, சுமார் 8 செ.மீ. நீளத்தில் இந்த வாயிற்சிரை உருவாகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு இதன் வழியே வருகிறது. இதற்கும் கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் உள்ள அழுத்த வேறுபாடு 1 முதல் 5 மி.மீ. பாதரசம்தான். 5ஐத் தாண்டினால் நோய். 10ஐத் தொட்டால் உணவுக்குழாய்ச் சிரைகள் புடைக்கலாம், வயிற்றில் நீர் கோக்கலாம். 12ஐ எட்டினால் அந்தப் புடைப்பு வெடித்து இரத்தம் கசியலாம். பெரும்பாலும் காரணம் சிரோசிஸ்: கல்லீரல் தழும்பேறி இறுகியதால் இரத்தம் மாற்றுவழி தேடுகிறது. வாயிற்சிரையிலோ கல்லீரல் சிரையிலோ இரத்தம் உறைந்தாலும் இதே கதிதான். மண்ணீரல் வீங்கி, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறையும். பல நேரம் முதல் துப்பே அதுதான்.

கார்வெடிலாலும் ப்ரோப்ரனலாலும் இங்கே கையின் பிரஷருக்காகத் தரப்படுவதில்லை, வாயிற்சிரைக்குள் பாயும் இரத்தத்தைக் குறைக்கத்தான். கார்வெடிலால் வழக்கமாக நாளுக்கு 6.25 மி.கி.யில் தொடங்கி 12.5க்கு உயர்த்தப்படும். கையில் பார்க்கும் பிரஷரின் மேல் அளவு 90க்குக் கீழே போனாலோ தலைசுற்றினாலோ மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியது மருத்துவர். தானாகத் திடீரென விட்டால் இரத்தக்கசிவு வரலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரிய புடைப்புகள் இருந்தால், எண்டோஸ்கோப்பி வழியே ரப்பர் வளையம் போடுவார்கள். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, புடைப்பு மறையும்வரை. ஒரே தடவையில் முடிந்தது என்று அடுத்த தேதியைத் தவறவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

வயிற்றில் நீர் இருந்தால் உப்பு மொத்தம் நாளுக்கு சுமார் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. புரதத்தைக் குறைக்கக் கூடாது, தசை கரைந்துவிடும். மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். இவை சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உப்பைத் தேக்கும், இரத்தக்கசிவையும் தூண்டும். வயிற்றில் நீர் உள்ளவருக்குக் காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால், அன்றே அந்த நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இரத்த வாந்தி யாருக்கும் புரியும். கறுப்பு மலத்தைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போலப் பிசுபிசுத்துக் கடும் நாற்றம் அடித்தால் அது உள்ளே கசிந்த இரத்தம். விடியட்டும் என்று காத்திராமல், எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.