பின்தொடை இறுக்கம்: அழுத்தும் கை எதை மாற்றுகிறது?

குனிந்து கால்விரலைத் தொடப் போனால் பின்தொடை சுண்டி இழுக்கிறது. பத்து நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்ட பிறகு, அதே கை இன்னும் இரண்டு விரற்கடை கீழே இறங்குகிறது. தசை நீண்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பத்து நிமிடத்தில் தசை அப்படி நீளாது. தொடையின் வெளிப்பக்கத் தசையுறையை ஒரு சதவீதம் நசுக்கக்கூடக் கைக்கு எட்டாத விசை வேண்டும் என்று 2008இல் சௌத்ரி குழுவினரின் கணித மாதிரி காட்டியது. நீட்சியில் கிடைக்கும் பெரும்பகுதி லாபம், இழுப்பைத் தாங்கிக்கொள்ளும் உணர்வு மாறுவதால்தான் என்று 2010இல் ஆய்வாளர்கள் வெப்ளரும் மேக்னசனும் வாதிட்டார்கள். அதாவது, ‘இதற்கு மேல் போகாதே’ என்று நரம்பு மண்டலம் போட்டிருக்கும் கோடுதான் சற்றுத் தள்ளிப் போகிறது. இதை ஏற்றுக்கொண்டால் முரட்டு அழுத்தத்துக்கு வேலையே இல்லை.

ஹாம்ஸ்ட்ரிங் என்னும் பின்தொடைத் தசை உண்மையில் மூன்று தசைகள். வெளிப்பக்கம் பைசெப்ஸ் ஃபெமோரிஸ். உட்பக்கம் செமிடெண்டினோசஸ், செமிமெம்பிரனோசஸ். உட்காரும்போது நாற்காலியில் பதியும் எலும்பு முனையில் தொடங்கி, இடுப்பு, முழங்கால் இரண்டையும் தாண்டிக் கீழே ஒட்டுகின்றன. பைசெப்ஸின் இரண்டு கிளைகளில் குட்டையானது மட்டும் தொடையெலும்பிலேயே தொடங்கும்.

கை வைக்குமுன் சோதனை. மல்லாந்து படுத்து, இடுப்பை 90 டிகிரி மடக்கி, முழங்காலை நிமிர்த்தச் சொல்லுங்கள். முழுதாக நிமிர 20 டிகிரிக்கு மேல் பாக்கி இருந்தால் இறுக்கம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்து, கூன் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து, இழுப்பு வரும்வரை காலை நீட்டி, தலையை மட்டும் நிமிர்த்தட்டும். இழுப்பு குறைந்தால், கீழ்முதுகிலிருந்து பின்தொடை வழியாகக் காலுக்கு ஓடும் சியாட்டிக் நரம்பின் மேல்தான் சந்தேகம். பின்தொடைத் தசைக்கும் கழுத்துக்கும் நேரடி ஒட்டு கிடையாதே. பாதத்தை மேலே மடக்கிப் பார்ப்பது மட்டும் போதாது. அது கெண்டைக்கால் தசையையும் சேர்த்து இழுத்துக் குழப்பிவிடும்.

இனி முறை. ஆளைக் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலுக்கடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். சில சொட்டு எண்ணெயோடு, முழங்காலுக்குச் சற்று மேலிருந்து பிட்டம் நோக்கி உள்ளங்கையால் இரண்டு மூன்று நிமிடம் நீவிவிடுங்கள். பிறகு எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். வழுக்கினால் அடுத்த கட்டம் நடக்காது. முழங்காலை 90 டிகிரி மடக்கி, தளர்வாக மூடிய கைமுஷ்டியையோ முன்கையையோ தசையின் நடுவில் ஊன்றி இடுப்புப் பக்கமாக லேசாகத் தள்ளிப் பிடியுங்கள். மறு கையால் கணுக்காலைப் பிடித்து, நாலைந்து விநாடியில் காலை மெல்ல நீட்டுங்கள். ஓர் இடத்தில் மூன்று முதல் ஐந்து முறை செய்து அடுத்த இடத்துக்கு நகருங்கள். பத்துக்கு நான்கு என்ற அளவு வலி போதும். மூச்சைப் பிடித்தாலோ, கால்விரல் சுருண்டாலோ, தசை கைக்கு எதிராக விறைத்தாலோ அழுத்தம் அதிகம். அந்த விறைப்போடு மல்லுக்கட்டினால் இறுக்கம்தான் கூடும்.

முடிவில் மல்லாக்கத் திருப்பி, காலைத் தூக்கி, இழுப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். நான்கில் ஒரு பங்கு பலத்தில் ஆறு விநாடி குதிகாலால் உங்கள் கையைத் தள்ளட்டும். தளர்ந்ததும் புதிய எல்லைக்குப் போங்கள். மூன்று முறை.

முழங்காலின் பின்குழியை அழுத்தவே கூடாது; ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன. வெளிப்பக்கம் முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்புக் கழுத்தைச் சுற்றும் நரம்பு நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். தொடை நடுவே ‘சுர்ர்’ என்று ஓடினால் விரலை நகர்த்துங்கள். உட்காரும் எலும்பிலேயே வலி என்றால் தசையை எலும்போடு ஒட்டும் தசைநாணில் பிரச்சினையாக இருக்கலாம். அங்கே தேய்ப்பதும் ஆழமாக நீட்டுவதும் வலியைக் கிளறிவிடும். ஓடும்போது ‘பட்’டென்று பிடித்து நீலம் பாய்ந்த தொடையில் முதல் சில நாள் கை வைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்த உறைவாக இருக்கலாம். மசாஜ் வேண்டாம், உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கிடைத்த தளர்வு பெரும்பாலும் அன்றே கரைந்துவிடும். அது இருக்கும்போதே தசைக்கு வேலை கொடுப்பதுதான் சூட்சுமம்: லேசான எடையை ஏந்தி, முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகு வளையாமல் மூன்று விநாடி எடுத்து இடுப்பிலிருந்து குனிந்து எழுவது, எட்டு எட்டாக இரண்டு சுற்று. வீட்டில் 30 விநாடி நீட்சி, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்; 60 விநாடி பிடித்தாலும் கூடுதல் பலன் இல்லை என்று 1994இல் பாண்டி, ஐரியன் ஆய்வில் தெரிந்தது.

இடுப்பு முன்பக்கம் சாய்ந்தே இருப்பவருக்கு, பின்தொடைத் தசை தொடங்கும் அந்த உட்காரும் எலும்பு முனை மேலேறி, தசை ஏற்கெனவே இழுபட்டுத்தான் நிற்கும். அவருக்கு மேலும் மேலும் நீட்டுவதில் அர்த்தமில்லை. பிட்டத் தசையையும் வயிற்றுத் தசையையும் பலப்படுத்திப் பார்க்கலாம். மூன்று நான்கு அமர்வுக்குப் பிறகும் முழங்கால் சோதனையில் மாற்றமே இல்லையென்றால், தொடையை விட்டுவிட்டுக் கீழ்முதுகைச் சோதியுங்கள்.