தேயிலை மலையில் கிடக்கும் வெள்ளைக் கல்: எது வெறும் சில்லு, எது கருவி?

இலங்கை மலைநாட்டில் பண்டாரவளை, அப்புத்தளை, மஸ்கெலியா, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், நல்ல மழை ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு தேயிலை மலையில் கான் (வடிகால்) ஓரமாகச் செம்மண் கரைந்துபோய் வெள்ளை வெள்ளையாகக் கற்சில்லுகள் வெளியே தெரியும். முக்கால்வாசி வெறும் கல்தான். ஆனால் அவற்றில் சில, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டி எடுத்தவை. எதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கான் வெட்டி, முள்ளுக்குத்தி (இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறி), தினமும் இந்த மண்ணோடு மல்லுக்கட்டுகிற நம் ஆட்கள் கண்ணில்தான் அது முதலில் படுகிறது.

முதலில் கல்லைப் பற்றி. ஐரோப்பாவில் கற்கருவி செய்தவர்களுக்கு ஃபிளின்ட் என்கிற அருமையான கல் கிடைத்தது, அடித்தால் நினைத்த வடிவில் சீராகப் பெயரும். நம் மலைநாட்டில் அது இல்லை. இங்கே இருப்பது நைஸ், சார்னகைட் மாதிரியான மிகப் பழைய பாறைகள், அவற்றின் ஊடே நரம்பாக ஓடுகிற வெள்ளைக் குவார்ட்ஸ், அங்கங்கே கொஞ்சம் செர்ட், அது ஃபிளின்ட் வகையைச் சேர்ந்த கல். குவார்ட்ஸ் மிகவும் கடினமானது, கத்தி நுனியால் கீறினாலும் கோடு விழாது, உடைத்தால் விளிம்பு தோலை அறுக்கும். ஆனால் உடைப்பதுதான் பெரும்பாடு.

ஏன் என்றால், ஒரே சீரான கல்லின் ஓரத்தில் சாய்வாக ஓர் அடி போட்டால் அந்த விசை அடிபட்ட புள்ளியிலிருந்து கூம்பு வடிவில் உள்ளே பரவி, கண்ணாடி உடைகிற விதமாக ஒரு சில்லைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த சில்லின் உள்பக்கத்தில், அடிபட்ட இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு புடைப்பு இருக்கும், அதிலிருந்து அலை அலையாக வளையங்கள் போகும். தாய்க்கல்லில் அதே அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். பாடப் புத்தகங்களில் காட்டுகிற அடையாளம் இதுதான். ஆனால் நரம்புக் குவார்ட்ஸ் உள்ளே ஏற்கெனவே ஆயிரம் விரிசல், விசை பாதி வழியிலேயே வேறு பக்கம் திரும்பிவிடும், அதனால் புடைப்பு மழுங்கியே இருக்கும், சில நேரம் கண்ணுக்கே தெரியாது. அதற்கு அந்தக் காலத்து ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: கல்லை இன்னொரு கல்லின் மேல் நிறுத்தி வைத்து உச்சியில் அடிப்பது. அப்படி அடித்த துண்டின் மேல் நுனியும் கீழ் நுனியும் இரண்டுமே நசுங்கியிருக்கும். நடுவில் குழி விழுந்த சுத்தியல் கற்களும் இலங்கையின் பழைய குகைகளில் கிடைத்திருக்கின்றன.

சரி, கருவி எப்படி இருக்கும்? பிறைக்கருவி என்று ஒன்று இருக்கிறது. அளவு பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், ஒரு விரல் நுனியில் நிற்கும். ஒரு பக்கம் நேரான கூர், அதை யாரும் தொடவில்லை, கல் பெயர்ந்தபோது வந்த கூர் அப்படியே இருக்கிறது. எதிர்ப்பக்கம் வளைந்த முதுகு, அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மில்லிமீட்டர் கணக்கில் சின்னச் சின்னக் கொறிப்புகள், ஒன்றை ஒட்டி ஒன்று, எல்லாம் ஒரே திசையிலிருந்து விழுந்தவை. வேண்டுமென்றே மழுக்கிய முதுகு அது. மரத்தண்டிலோ எலும்பிலோ பள்ளம் வெட்டி, பிசின் வைத்து ஒட்டினால் அந்த மழுங்கிய பக்கம் பிடித்துக்கொள்ளும், கூர் வெளியே நிற்கும். ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மொத்தக் கருவியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. இவ்வளவு யோசனை ஒரு நகத்தளவு கல்லில் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

ஏமாற்றும் கற்களும் உண்டு. முள்ளுக்குத்தும்போது இரும்பு பட்டால் குவார்ட்ஸ் சில்லாகப் பெயரும், பாதை போடக் கல்லுடைத்த இடத்திலும் அச்சாகக் கருவி போலவே துண்டுகள் கிடக்கும். புது உடைப்பு பளிச்சென்று இருக்கும், பழையதில் செம்மண் கறை ஊறி மங்கியிருக்கும். ஆற்றில் உருண்ட கல்லில் வெட்டுகள் கண்டபடி எல்லாத் திசையிலும் இருக்கும். எப்படியானாலும் ஒற்றைக் கல்லை வைத்து முடிவுக்கு வரவே கூடாது. குவார்ட்ஸ் நரம்பே இல்லாத ஒரு மேட்டின் தலையில் சில்லு, தாய்க்கல், கழிவுத் துண்டு எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தால், அப்போதுதான் யாரோ கல்லைச் சுமந்து வந்து அங்கே வேலை செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோன் போல் என்கிற தோட்டத்துத் துரையும், பூச்சியியலாளர் இ. இ. கிரீனும் மலைநாட்டில் இப்படித்தான் பொறுக்க ஆரம்பித்தார்கள். காட்டை அழித்து, புல் பூண்டு இல்லாமல் வழித்து வைத்த சரிவில் மழைக்கு மேல்மண் ஓடிவிட்டது, அடியில் இருந்தது மேலே வந்தது. இந்தத் துண்டுகள் கருவிதானா என்ற சந்தேகத்துக்கு நடுவே, 1907இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த இயற்கை ஆய்வாளர்கள் பவுல், ஃபிரிட்ஸ் சாராசின் இருவரும் குகைகளைத் தோண்டிப் பார்த்து அடுத்த வருஷமே புத்தகம் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஹார்ட்லி என்பவர் பண்டாரவளை மேட்டிலிருந்து ஏராளமான நுண்கருவிகளை, அதாவது மேலே சொன்ன பிறை மாதிரியான சின்னக் கற்கருவிகளை எடுத்தார். பொறுக்கியவர்களும் செய்தி எழுதியவர்களும் துரைமார், ஆனால் அந்த மண்ணைப் புரட்டியவை நம் முன்னோர்களின் கைகள். இந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கருத்து.

வயதை எப்படிச் சொல்கிறார்கள்? கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அது தட்டப்பட்டதற்கு வெகு காலம் முன்பே உருவானது. அது கிடந்த மண் அடுக்கில் இருக்கும் அடுப்புக்கரியை எடுத்துக் கதிரியக்கக் கார்பன் அளவைப் பார்ப்பார்கள், இது கிட்டத்தட்ட 50,000 வருஷம் வரை கைகொடுக்கும். இல்லையென்றால் மணல் பரல் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று ஒளிர்வு முறையில் கணக்கிடுவார்கள். மேட்டு நிலத்தில் புளிப்பு மண், மழை வேறு, எலும்பெல்லாம் கரைந்துபோய்விடும், சரிவில் அடுக்கும் கலைந்துவிடும். அதனால்தான் குகைகளுக்கு அவ்வளவு மதிப்பு. சிவனொளிபாத மலையின் அடிவாரப் பக்கம் குருவிட்டையில் பட்டதொம்ப லெனை, கித்துல்கலையில் பெலி லெனை, புளத்சிங்களவில் பாஹியன் குகை, இவற்றில் கரியும் எலும்பும் கருவியும் அடுக்கு அடுக்காக அப்படியே இருந்தன. பாஹியன் குகையின் அடி அடுக்கு ஏறக்குறைய 48,000 வருஷப் பழமை, அங்கே குரங்கையும் மலை அணிலையும் வேட்டையாடிச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று 2019இல் வந்த ஆய்வு எலும்புகளை வைத்துக் காட்டியது. ஐரோப்பாவில் இந்த மாதிரிப் பிறை, முக்கோண நுண்கருவிகள் பரவலானது அதற்கு வெகு காலம் பின்னால், பனியுகம் முடிகிற காலத்தில்தான்.

ஆகவே ஒரு சில்லு கண்ணில் பட்டால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் எந்த மேடு, எந்த ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்கிற விவரமெல்லாம் போய்விடும். பழைய சேகரிப்புகள் பலவற்றில் நடந்தது அதுதான். அளவு தெரிய ஒரு காசைப் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள், போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் தொல்பொருள் திணைக்களத்துக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். தோட்டத்துக்கு மேலே காட்டோரத்தில் பாறை ஒதுக்கு இருந்து, அங்கே யாராவது புதையல் என்று இரவில் தோண்டுவதாகக் கேள்விப்பட்டால், அதைச் சொல்வது இன்னும் அவசரம்.