வெயில் அடித்தால் குளிரும் ஆறு

மார்ச் மாதக் கடைசி. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஒன்டாரியோ ஏரியில் போய் விழும் ஒரு சிற்றாற்றின் கரை. நாலைந்து நாள் மூட்டமாக இருந்த வானம் இன்று வெளுத்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் தூண்டில்காரர்கள் கம்பளிக் குல்லாயைக் கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார்கள். காலையிலேயே இரண்டு மூன்று ஸ்டீல்ஹெட் மீன் மாட்டியாயிற்று. வெயில் ஏறினால் இன்னும் நன்றாகக் கடிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். காலையில் 4 டிகிரி செல்சியஸ் காட்டிய தெர்மாமீட்டரை மாலையில் மறுபடி தண்ணீரில் விட்டுப் பார்த்தால் 3 டிகிரிக்கு இறங்கியிருக்கும். மீன் வாயைத் திறப்பதாக இல்லை.

குற்றவாளி ஆற்றில் இல்லை, மேட்டில் இருக்கிறது. காட்டுக்குள்ளே முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கிறது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை அதே 0 டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டும் 334 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. அவ்வளவு வெப்பம் கையில் இருந்தால், அந்த ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரி வரை காய்ச்சி, காபியே கலந்துவிடலாம். பனி அத்தனையையும் விழுங்கிவிட்டு, சூடு துளியும் ஏறாத தண்ணீரை ஓடைக்கு அனுப்புகிறது. 6 டிகிரியில் ஓடும் ஆற்றில் சரிபாதி உருகுநீர் கலந்தால் மிஞ்சுவது 3 டிகிரி. வெயில் ஆற்றின் மேற்பரப்பையும் சூடாக்கத்தான் செய்கிறது. ஆனால் மேட்டில் பனி தடிமனாக இருக்கும் வரை இந்தப் பந்தயத்தில் பெரும்பாலும் உருகுநீருக்கே வெற்றி. இன்னொரு விஷயம், பனி அதிகம் உருகுவது பிற்பகலில் என்றாலும் அது ஓடை ஓடையாக இறங்கி வந்து சேர நேரம் பிடிக்கும். ஓடை கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாயங்காலமே தண்ணீர் ஏறிவிடும். இருபது முப்பது கிலோமீட்டர் கீழே இருப்பவருக்கு அதே தண்ணீர் நள்ளிரவில்தான் வரும்.

ஒரு டிகிரி இறங்கினால் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்கலாம். நமக்கு ஒன்றுமில்லை. இந்த மீனுக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. ஆற்றின் வெப்பநிலையே அதன் வெப்பநிலை. தோராயமாக, பத்து டிகிரி இறங்கினால் அதன் உடலின் வேதிவினைகள் பாதி வேகத்துக்குக் குறைகின்றன. தின்றது செரிப்பது தாமதமாகிறது, தசை சுருங்குவது தாமதமாகிறது, பசியும் தள்ளிப்போகிறது. 4 டிகிரிக்குக் கீழே அது இரை தேடிப் போகாது; வாய்க்கு நேரே வந்தால் எடுக்கும், ஒரு முழம் விலகிப் போனால் விட்டுவிடும். 4 டிகிரியைத் தாண்டியதும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் துணிச்சல் கூடுகிறது. இந்தப் பருவத்தில் 4-இலிருந்து 5-க்கு ஏறிக்கொண்டிருக்கும் ஆறு, 6-இலிருந்து 5-க்கு இறங்கிக்கொண்டிருக்கும் ஆற்றைவிட மேல் என்பார்கள் அனுபவசாலிகள். எண்ணைவிடத் திசை முக்கியம்.

ஸ்டீல்ஹெட் என்ன மீன் என்று சொல்லவில்லையே. பெயருக்கு எஃகுத் தலை என்று பொருள். பெயர்தான் தனி, இனம் ரெயின்போ ட்ரவுட்டேதான். ஆற்றிலேயே வாழ்நாளைக் கழித்தால் ரெயின்போ. கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். சொந்த ஊர் பசிபிக் கடலும் அதில் விழும் ஆறுகளும். ஒன்டாரியோ முதலான வட அமெரிக்கப் பேரேரிகளின் பகுதிக்கு அதை மனிதர்கள்தான் கொண்டுவந்தார்கள். 1876-இல் மிச்சிகனின் ஓசேபிள் ஆற்றில் விட்டது தொடக்கம். நீலகிரியில் 1907-இல் அமைந்த அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்டுவரும் ரெயின்போ ட்ரவுட்டும் இதே இனம்தான். அதற்கு ஏரிக்குப் போய்வரும் வழியில்லை, அவ்வளவே.

குளிர்ந்த ஆற்றில் மீன் எங்கே நிற்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் மீனைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்க எட்டு மடங்கு ஆற்றலைச் செலவிட வேண்டும். 3 டிகிரியில் அத்தனை செலவுக்கு உடம்பில் வரவு இல்லை. கோடையிலாவது ஆக்சிஜனுக்காக நுரைத்து ஓடும் இடத்துக்கு அது போக வேண்டியிருக்கும். இப்போது அந்தத் தேவையும் இல்லை. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 0 டிகிரியில் 14 மில்லிகிராமுக்கு மேல் கரையும். எனவே மடுவின் ஆழம், பெரிய கல்லின் பின்புறம், வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசிக்கொள்ளும் கோடு ஆகிய இடங்களில்தான் அது கிடக்கும். அதுவும் தரையோடு தரையாக. மேலே தக்கை விறுவிறுவென்று ஓடும்போது அடியில் கூழாங்கற்களின் மேல் தண்ணீர் அதன் பாதி வேகத்தில்கூட நகராமல் இருக்கலாம். தேர்ந்த தூண்டில்காரர் தக்கையை லேசாக இழுத்துப் பிடித்து, மேலோட்டத்தைவிட மெதுவாகப் போகவைப்பது இதற்காகத்தான். தக்கை மேலோட்டத்தோடு போய்விட்டால் இரை மீனின் தலைக்கு மேல் பறந்துவிடும்.

அடுத்து, நீரின் அளவு. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று நாளிதழில் படித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். அமெரிக்காவிலும் ஆற்றை வினாடிக்கு இத்தனை கன அடி என்றே அளக்கிறார்கள். அந்நாட்டுப் புவியியல் ஆய்வுத் துறை 1889-இல் நியூ மெக்சிகோவின் எம்புடோ என்ற இடத்தில் முதல் நீரளவு நிலையத்தை அமைத்தது. இன்று பெரும்பாலான நிலையங்களின் கணக்கு பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வீதம் பதிவாகி இணையத்தில் கிடைக்கிறது. வீட்டில் உட்கார்ந்து அந்த வரைகோட்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். ஆயிரம் கன அடி ஏறுமுகத்தில் இருப்பது ஓர் ஆறு. அதே ஆயிரம் இறங்குமுகத்தில் இருப்பது வேறொரு ஆறு. குளிர்காலம் முழுக்க அடியிலும் கரையோரத்திலும் படிந்த வண்டலை முதலில் வரும் வெள்ளம் வாரிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே கலங்கல் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் நீர்வரத்து உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே. பிறகு நீர் வடியும்போது, அளவு அதேதான் என்றாலும், அள்ளுவதற்கு மண் மிச்சமில்லை, ஆறு தெளிகிறது. குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பது பற்றிய நம் வழக்கு இந்த மீனிடம் செல்லாது. இது கண்ணால் பார்த்து இரையெடுக்கும் மீன். கண்ணாடித் தெளிவும் ஆகாது, மிரண்டு ஒதுங்கும். இரண்டுக்கும் நடுவே, முழங்காலளவுத் தண்ணீரில் காலணி மங்கலாகத் தெரியும் ஒரு பச்சை நிறம் உண்டு. அந்த நிறம் வந்துவிட்டால் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லா ஆறும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் புலாஸ்கி ஊர் வழியே ஓடும் சால்மன் ஆற்றுக்கு மேலே நீர்த்தேக்கமும் அணையும் இருக்கின்றன. டக் ஹில் மேட்டில் கொட்டும் பனி அங்கே தேங்கி, அளந்து திறந்துவிடப்படுகிறது. ஆனால் அணைக்குக் கீழே வந்து சேரும் ஆர்வெல் ஓடைக்குக் கதவு இல்லை. அணையின் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர் ஓடை கொண்டுவந்த கலங்கலில் முழிப்பார். மிச்சிகனின் பியர் மார்க்கெட் ஆறு இன்னொரு வகை. பனியுகம் விட்டுச்சென்ற மணல் மேடுகளுக்குள் இறங்கிய நீர் ஆண்டு முழுவதும் ஊற்றாகக் கசிந்து அதற்கு உணவளிக்கிறது. நிலத்தடி நீர் நம் ஊர்க் கிணறு மாதிரிதான், வெளியே குளிர்ந்தால் வெதுவெதுப்பு, வெளியே காய்ந்தால் சில்லிப்பு. மார்ச் மாதத்தில் அந்த ஊற்றுகள்தான் ஆற்றைத் தாங்கிப் பிடிக்கின்றன.

தண்ணீர் ஐந்தாறு டிகிரியைத் தொட்டு நிலைக்கும்போது முட்டையிடும் வேலை மும்முரமாகிறது. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வாலால் பரலை அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கிறது. பாசி கழுவப்பட்ட கற்கள் வெளுத்து, ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போல் தெரியும். முட்டை விழுந்த பிறகு மேலே சற்று நகர்ந்து மறுபடி தோண்டி, அந்தப் பரலாலேயே மூடுகிறது. அந்த வெளிறிய இடத்தில் காலை வைப்பவரை நான் தூண்டில்காரர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அடியில் ஆயிரக்கணக்கான முட்டைகள் வெப்பநிலையை நாள் கணக்காக எண்ணிக்கொண்டிருக்கின்றன. 10 டிகிரியில் ஒரு மாதத்தில் பொரியும். நாலரை டிகிரியில் எண்பது நாள் ஆகும். மூடுவதற்குள் தப்பி உருண்டுவரும் முட்டைகளுக்காகச் சில அடி கீழே பிரவுன் ட்ரவுட்டுகள் வரிசை கட்டி நிற்கின்றன. தூண்டில் பெட்டியில் அந்த முட்டைகளைப் போலவே பட்டாணிக்கும் சிறிதான ஆரஞ்சு மணிகள் இருப்பதற்கு இந்த ட்ரவுட்டுகள்தான் காரணம்.

ஏப்ரல் கடைசியில் மேட்டில் பனி தீர்ந்துவிடுகிறது. அதே வெயில் இப்போது நேராக ஆற்றில் விழுகிறது, நடுவில் பங்கு கேட்க ஆளில்லை. காலையில் 7 டிகிரி, பிற்பகலில் 10 டிகிரி. மூன்று மணிவாக்கில் சிறகு விரித்த ஈசல்கள் போல மேஃப்ளை பூச்சிகள் நீரைக் கிழித்து எழும்ப, இத்தனை நாள் தரையோடு கிடந்த ட்ரவுட்டுகள் மேலே வந்து சப்புக்கொட்டுகின்றன. முட்டையிட்டு மெலிந்த ஸ்டீல்ஹெட், பசிபிக் சால்மனைப் போல அங்கேயே செத்து மிதக்காமல், ஓட்டத்தோடு ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.