தூங்கும்போது தொண்டை ஏன் மூடுகிறது? சீபாப் இயந்திரம் அதை எப்படித் திறந்து வைக்கிறது?

விசுவமடுவில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா நெல் லொறி ஓட்டுகிறவர், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பல வருடமாகக் குறட்டை. மூன்று வகைக் குளிசை போட்டும் பிறஷர் இறங்கவில்லை. கடைசியில் தூக்கப் பரிசோதனை செய்து, 'ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்), ஏஎச்ஐ 34' என்று அறிக்கை கொடுத்து, மாஸ்க் வழியாக அழுத்தமான காற்றைக் கொடுக்கும் சீபாப் இயந்திரம் போடச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் பயம். இது ஒட்சிசன் மிசினா? கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமா? கிணற்றுத் தண்ணீர் விடலாமா? சாகும்வரை போட வேண்டுமா?

முதலில் சுருக்கமான பதில். இது ஒட்சிசன் மிசின் அல்ல. கரண்ட் போனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நாலாவது கேள்விக்கான பதில் தொண்டையின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் தெளிவாகும்.

ஏஎச்ஐ என்பது ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை தடவை மூச்சு முழுதாக நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற எண்ணிக்கை. பத்து நொடியாவது நீடித்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். 5இற்குக் கீழே இயல்பு, 15 வரை இலேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. 34 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 238 தடவை. ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கிறது, பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. காலையில் இவற்றில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் இருக்காது.

இனித் தொண்டைக்கு வருவோம். மூக்கில் எலும்புச் சுவர் இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்குகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில், அண்ணாக்குக்குப் பின்னாலிருந்து குரல்வளை வரையான பகுதியில் காற்றுவழியைச் சுற்றி விறைப்பான தாங்குதல் எதுவும் கிடையாது. முழுக்கத் தசை. விழுங்கவும் பேசவும் அது நெகிழ்ந்து கொடுத்தாக வேண்டும் என்பதால் அப்படி அமைந்திருக்கிறது. ஆனால் நாம் மூச்சை உள்ளே எடுப்பது உறிஞ்சித்தான். உதரவிதானம் கீழே இறங்க, நெஞ்சுக்குள் அழுத்தம் குறைய, வெளிக்காற்று உள்ளே வருகிறது.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற எவருக்கும் இதில் உள்ள சிக்கல் உடனே விளங்கும். இறைப்பு மிசினின் உறிஞ்சும் பக்கத்தில் எப்போதும் விறைப்பான குழாய்தான் பூட்டுவோம். சுருட்டி வைக்கிற மெல்லிய குழாய் தள்ளும் பக்கத்துக்கு. மாற்றிப் பூட்டினால் மிசின் இழுத்தவுடன் மெல்லிய குழாய் சப்பளிந்து ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வராது. அதே குழாயைத் தள்ளும் பக்கத்தில் பூட்டினால் உள்ளே இருக்கும் அழுத்தமே அதை உருண்டையாக விரித்து வைத்திருக்கும். நம் எல்லோருடைய தொண்டையும் உறிஞ்சும் பக்கத்தில் பூட்டிய மெல்லிய குழாய்தான்.

அப்படியானால் விழித்திருக்கும்போது அது ஏன் சப்பளிவதில்லை? இந்த விடயத்திலேயே மிக அழகான இடம் இதுதான். தாடையின் உட்புறம், நாடிக்குப் பின்னால், ஒரு தசை விசிறிபோல விரிந்து நாக்குக்குள் போகிறது. ஜீனியோகுளோசஸ் என்பது அதன் பெயர். நாக்கை முன்னுக்கு இழுப்பது அதன் வேலை. தொண்டைச் சுவரில் இருக்கும் நரம்பு முனைகள், உறிஞ்சல் தொடங்கி அழுத்தம் குறைந்த அந்தக் கணத்திலேயே மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் கட்டளை திரும்பி வந்து, தசை இறுகி, நாக்கு முன்னே போய், வழி திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் இது நடக்கிறது. தொண்டை ஒடுக்கமானவர்களில் இந்தத் தசை பகல் முழுக்க மற்றவர்களைவிட அதிகமாக உழைப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய குறைபாடு பகலில் வெளியே தெரியாமல் இருப்பதற்கு இந்த உழைப்புத்தான் காரணம்.

தூங்கியதும் அந்த அனிச்சைச் செயல் மங்கிவிடுகிறது. கனவு காணும் கட்டத்தில் தசைகள் அநேகமாக முழுதாகவே தளர்ந்துவிடுகின்றன. மல்லாந்து படுத்திருந்தால் நாக்கின் பாரமும் பின்னுக்கு விழுகிறது. அதனால்தான் விடியப்புறம், மல்லாந்து கிடக்கும்போது, மூச்சு நிற்பது கூடுகிறது. சாராயமும் கள்ளும் தூக்கக் குளிசையும் இதே தசையைத்தான் இன்னும் தளர்த்துகின்றன.

இதை எண்ணிலும் சொல்லலாம். நல்ல தொண்டையைத் தூக்கத்தில் மூட வேண்டுமானால் சுமார் 10 சென்ரிமீற்றர் தண்ணீர் அளவு (குழாயில் தண்ணீரை அந்த உயரத்துக்கு இழுக்கும் அளவு) உறிஞ்சல் தேவை. அப்னியா உள்ளவரின் தொண்டை உறிஞ்சல் எதுவும் இல்லாமலே, சிலரில் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடிய அழுத்தத்திலும், மூடிக்கொள்கிறது.

மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு தொடர்ந்து இழுப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. நெஞ்சுக்குள் அழுத்தம் மிகவும் குறைந்து, இதயத்தின் வலது மேலறைக்குள் இரத்தம் கூடுதலாக இழுபடுகிறது. அறையின் சுவர் விரிகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் எடுத்துக்கொண்டு ஒரு ஹோர்மோனைச் சுரக்க, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இரவில் மூன்று நாலு தடவை சலம் கழிக்க எழும்புகிறவர்களில் பலர் 'சீனி வருத்தம்தான் காரணம்' என்று இருந்துவிடுகிறார்கள். சீனியைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தொண்டையையும் சந்தேகிக்க வேண்டும். குளிசைக்கு அடங்காத பிறஷருக்குப் பின்னாலும் இரவு முழுக்கத் திரும்பத் திரும்பத் திடுக்கிடும் நரம்பு மண்டலம் இருக்கலாம்.

இரவில் மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு எழும்புகிறவர்களைப் 'பேய் அமுக்குது' என்று சொல்லி நூல் கட்டுவதும் தேசிக்காய் வெட்டுவதும் நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. நூல் கட்டுவதால் தீங்கு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நூலை நம்பிக் காத்திருக்கும் வருடங்களில் பிறஷர் ஏறுகிறது. ஏ-9இல் இரவில் வாகனம் ஓட்டுகிறவர் ஒரு நொடி கண் அசந்தால் அவரோடு மட்டும் போகாது. பகல் தூக்கம் முற்றாக விட்டது என்று தெரியும்வரை அவர் ஸ்ரியரிங் பிடிக்கக்கூடாது.

வீட்டிலேயே ஓர் இரவு போட்டுப் படுக்கக்கூடிய சிறிய பரிசோதனைக் கருவிகள் இருக்கின்றன. மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டி, விரலில் ஒட்சிசன் அளக்கும் கிளிப். அவ்வளவுதான். வன்னியின் ஒவ்வொரு மாவட்ட வைத்தியசாலையிலும் இப்படி நாலைந்து கருவிகளாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் உழைப்பை விட்டுத் தொலைவுக்குப் போக முடியாதவர்கள்தான் இங்கே அதிகம். ஆய்வுப் பணமும் இங்கே வர வேண்டும். தெற்காசியர்களுக்கு உடல் எடை அவ்வளவு கூடாமலே இந்த நோய் வருகிறது. நம் மக்களின் தாடையையும் கழுத்தையும் அளந்து, யாரைச் சோதிக்க வேண்டும் என்று நாமே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

1981 வரை கடுமையான அப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் முக்கிய மருத்துவம். அந்த வருடம் சிட்னியைச் சேர்ந்த வைத்தியர் கொலின் சலிவனும் அவருடைய குழுவும், மூக்கு வழியாகச் சற்று அழுத்தமான காற்றைத் தொடர்ந்து கொடுத்தால் தொண்டை மூடாது என்று லான்செற் மருத்துவ இதழில் எழுதினார்கள். உறிஞ்சும் பக்கத்தைத் தள்ளும் பக்கம் ஆக்கிவிட்டார்கள். சீபாப் உங்களுக்காக மூச்சு விடுவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை எடுத்து, தொண்டைச் சுவர் ஒட்டாத அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறது. அந்த அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 சென்ரிமீற்றர் தண்ணீர் அளவுக்குள் இருக்கும். 10 என்றால் எவ்வளவு? ஒரு ஸ்ட்ரோவில் நுனியிலிருந்து 10 சென்ரிமீற்றரில் கோடு போட்டு, உயரமான போத்தல் தண்ணீரில் அந்தக் கோடு வரை இறக்கி ஊதுங்கள். குமிழி வரத் தேவைப்படும் அழுத்தம் அதுதான். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூறில் ஒன்று. வீட்டில் பயப்படுகிறவர்களை இதைச் செய்துபார்க்கச் சொல்லுங்கள்.

இந்த அழுத்தத்தைக் கெடுப்பது மாஸ்க்கின் பொருத்தம். படுத்த நிலையில், இயந்திரம் ஓடும்போதுதான் பட்டிகளைச் சரிசெய்ய வேண்டும். காற்று கசிந்தால் எல்லோரும் இறுக்குகிறார்கள், அதனால் இன்னும் கசியும். மாஸ்க்கின் விளிம்பில் இருக்கும் சிலிக்கன் மெத்தை காற்றால் உப்பித்தான் முகத்தோடு ஒட்டுகிறது. இறுக்கினால் அது நசுங்கி மடிகிறது, மூக்குப் பாலமும் புண்ணாகிறது. மாஸ்க்கை முகத்தில் இருந்து சற்றுத் தூக்கி, மெத்தை உப்பிய பிறகு மெல்ல வைத்துப் பாருங்கள். முகத்து எண்ணெய் சிலிக்கனை வழுக்கச் செய்யும், நாளடைவில் பழுதாக்கவும் செய்யும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிறவர்கள் அதைக் காலைக்கு மாற்றி, படுக்கும் முன் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். மெத்தையைத் தினமும் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

மாஸ்க்கின் முன்னால் சிறு துளைகள் வழியாக எப்போதும் காற்று வெளியேறும். அது பழுதல்ல. வெளிவிடும் கரியமிலவாயு போவதற்கான வழி அது. சத்தமாக இருக்கிறதென்று பிளாஸ்ரர் ஒட்டி அடைத்துவிடாதீர்கள், விட்ட மூச்சையே திரும்ப எடுக்க நேரும்.

முதல் வாரத்தில் பெரும்பாலானோர் 'மூச்சு முட்டுது' என்று கழற்றி எறிவார்கள். பகலில் பேப்பர் படித்துக்கொண்டோ வானொலி கேட்டுக்கொண்டோ அரை மணி நேரம் போட்டிருந்து பழகுங்கள். தொடக்க அழுத்தம் 4இல் இருந்தால் பருத்த உடம்புக்காரருக்கு அதுவே முட்டும், 5 அல்லது 6இற்கு மாற்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். காலையில் வாய் காய்ந்திருந்தால் காற்று வாய் வழியாகப் போகிறது. மூக்கடைப்பைச் சரிசெய்வது முதல் வேலை, அடுத்தது வாயையும் மூடும் மாஸ்க்.

காற்றை ஈரமாக்கும் ஈரமூட்டியின் தொட்டிக்கு வடித்த நீர்தான் விட வேண்டும். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினத்தன்மை கொண்டது. கொதிக்க வைத்தாலும் உப்பு எல்லாம் போகாது. நீர் மட்டும் ஆவியாகி, சூடாகும் தட்டில் வெள்ளைப் படிவு ஏறிக்கொண்டே போகும். வடித்த நீர் கிடைக்காத ஓரிரு நாளுக்கு ஆர்ஓ குடிநீர் பரவாயில்லை. கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது சுவாசத்துக்காகத் தயாரிக்கப்பட்டதல்ல, அதே அலுமாரியில் அசிட் போத்தலும் இருக்கும். படிவு பிடித்துவிட்டால் ஒரு பங்கு வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவிட்டுக் கழுவலாம். புழுக்கமான இரவுகளில் பலருக்கு ஈரமூட்டியே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்கள் மேசைக் காற்றாடியைக் குழாயின் மேல் திருப்பி வைக்காதீர்கள். குழாய் குளிர்ந்து, உள்ளே துளியாகி, மூக்கில் தண்ணீர் வந்து விழும். இயந்திரத்தைத் தலைமட்டத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் வையுங்கள்.

நுளம்புத்திரியை அந்தப் பக்கமே வைக்கக்கூடாது. காற்றை இழுக்கும் வாயிலுக்கு அருகே திரி எரிந்தால் இயந்திரம் அந்தப் புகையை எடுத்து நேரே நெஞ்சுக்குள் தள்ளும், வடிகட்டியால் அதைத் தடுக்க முடியாது. வலை கட்டுங்கள். சோளகக் காலத்தில் கிறவல் வீதிப் புழுதியில் வடிகட்டி சீக்கிரம் கறுத்துவிடும், பெட்டியில் எழுதியிருக்கும் கால அளவை நம்பாமல் வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கரண்ட் போனால் முழுமுக மாஸ்க்கில் ஒரு சிறு வால்வு தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும், மூக்கு மாஸ்க்காரர் வாயால் மூச்செடுப்பார். எழும்பி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கரண்ட் வரும்வரை ஒருக்களித்துப் படுங்கள். 2022இல் இருந்ததுபோல் நீண்ட மின்வெட்டு வந்தால் பற்றரி வேண்டும். ஈரமூட்டியையும் சூடாகும் குழாயையும் அணைத்துவிட்டால் 10 அழுத்தத்தில் பல இயந்திரங்களுக்கு 10 முதல் 15 வோற் போதும். எட்டு மணி நேரத்துக்கு 120 வோற்-மணி. வீட்டுச் சோலாரில் இருக்கும் 12 வோல்ற், 40 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் 480 இருக்கிறது. பற்றரி கெடாமல் பாதியை எடுத்தால் 240, இரண்டு இரவு. ஈரமூட்டியோடு 60 வோற் போனால் ஓர் இரவுக்கே அது முழுக்க வற்றிவிடும். சில இயந்திரங்களுக்கு 24 வோல்ற் தேவை, அவற்றுக்கென்று விற்கும் மாற்றியைத்தான் பூட்ட வேண்டும்.

கனடாவிலோ லண்டனிலோ இருந்து சொந்தக்காரர் பழைய இயந்திரம் அனுப்பினால் பவர் பெட்டியில் '100–240 வோல்ற்' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில், ஒலியைக் குறைக்கும் நுரைப்பஞ்சு உதிர்வதால் பல மொடல்களைத் திரும்பப் பெற்றது. 2021 ஏப்ரல் 26இற்கு முன் செய்த ட்ரீம்ஸ்ரேசன் என்றால் தொடர் இலக்கத்தை அவர்களுடைய இணையதளத்தில் சரிபார்க்காமல் போடாதீர்கள். எந்தப் பழைய இயந்திரத்திலும் இருக்கும் அழுத்தம் வேறொருவருடைய தொண்டைக்கு வைத்தது. வைத்தியர் மாற்றித் தந்த பிறகே போட வேண்டும்.

சாகும்வரையா என்ற கேள்விக்கு: இயந்திரம் தொண்டையைத் திறந்து வைக்கிறதே தவிர, அதன் அமைப்பை மாற்றுவதில்லை. போடாத இரவில் நோய் அப்படியே திரும்பும். எடையில் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் ஏஎச்ஐ சுமார் கால்வாசி இறங்குகிறது. 34 என்பது 25 ஆகலாம், அதுவும் நடுத்தர அப்னியாதான். நன்றாக மெலிந்தால் மறுபடி சோதித்து முடிவு செய்யலாம், தாமாக நிறுத்தக்கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது இயந்திரத்தின் மெமரி கார்ட்டைக் கொண்டு போங்கள். போட்ட மணி நேரம், கசிவு, மிச்ச ஏஎச்ஐ (இயந்திரம் போட்டும் மிஞ்சும் ஏஎச்ஐ) மூன்றும் அதில் இருக்கும். மிச்ச ஏஎச்ஐ 5இற்குக் கீழே இருக்க வேண்டும். ஓர் இரவில் நாலு மணி நேரம் போடுவது என்பது குறைந்தபட்சக் கணக்கு மட்டுமே, கனவுத் தூக்கம் பெரும்பாலும் விடியப்புறம்தான் வருகிறது என்பதால் இரண்டு மணிக்குக் கழற்றி வைத்தால் மிக மோசமான நேரம் காவலில்லாமல் போகும். வேறு எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும், கண் ஒப்பரேசனாக இருந்தாலும், அப்னியா இருப்பதை மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி, இயந்திரத்தையும் மாஸ்க்கையும் கையோடு வார்ட்டுக்குக் கொண்டு போங்கள்.