குரோவன் மரபு: வெள்ளைக் கை கொண்ட பெயர்

'குரோவன்' என்று தமிழில் எழுதியதும் 'அன்' விகுதி சேர்ந்த ஆண்பால் பெயர்போலத் தெரியும். அது விகுதி அல்ல. அதற்குள் ஒரு நிறம் ஒளிந்திருக்கிறது.

ஐரிஷ் கடலின் நடுவே இருக்கும் மேன் தீவை 1079-இல் கைப்பற்றியவர் கோட்ரெட் குரோவன். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ராம்சி அருகே ஸ்கைஹில் காட்டில் இரவோடு இரவாக 300 பேரை ஒளித்துவைத்து வென்றார் என்கிறது மேன் அரசர்களின் லத்தீன் வரலாற்றேடு. அவர் வழிவந்தவர்கள் மேன் தீவையும், ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஒரு பகுதியையும் 1265 வரை ஆண்டார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். கோட்ரெட் என்பது வடகடல் மக்களின் நார்ஸ் பெயர். குரோவன் என்பது அயர்லாந்து, ஸ்காட்லாந்து, மேன் தீவு மக்கள் பேசிய கேலிக் மொழியில் அமைந்த பட்டப்பெயர். கேலிக்கில் 'குரோவ்' என்றால் கை, 'பான்' என்றால் வெள்ளை. அந்த மொழியில் பகரம் மென்மையாகி வகரமாக ஒலிப்பது வழக்கம். 'குரோவ் வான்' தேய்ந்து குரோவன் ஆனது. 'முடமானவர்' எனப் பொருள்படும் நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு வெள்ளைக் கைதான் சரியாகப் படுகிறது. இரண்டு மொழியும் கலந்து புழங்கிய குடும்பம் அது. மகன் லாக்மன்னின் பெயர் 'சட்டம் அறிந்தவர்' என்ற நார்ஸ் சொல். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 1193-இல் கிரே மடத்தை நிறுவிய கொள்ளுப்பேத்தி அஃப்ரிகாவின் பெயரோ கேலிக்.

தமிழில் எப்படி எழுதலாம்? கரிகாலன்போல உடற்குறியால் வந்த பெயர் என்பதால் 'வெண்கையன்' அழகாகப் பொருந்தும். ஆனாலும் பெயரை முழுதாக மாற்றிவிட வேண்டாம். 'குரோவன் அரசமரபு' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் வெண்கையன் என்ற பொருளைச் சேர்த்தால் போதும். 'குரோவன்கள்' என்ற பன்மை தவறு. அந்தப் பட்டப்பெயர் ஒருவருக்கே உரியது. அவர் வழியினர் தங்களை 'மேன் மற்றும் தீவுகளின் அரசர்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். குடும்பத்துக்கு அவர் பெயரை வைத்தவர்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள்.

தீவு மக்களின் நாவில் வெள்ளைக் கை தங்கவில்லை, இயற்பெயர்தான் தங்கியது. கோட்ரெட் அவர்கள் பேச்சில் கோரி எனத் திரிந்தது; அவர்கள் கதைகளில் வரும் கோரி அரசர் இவரே என்று கருதப்படுகிறது. மேன் மொழியில் பால்வீதிக்குப் பெயர் 'கோரி அரசரின் பெருவழி'.